ஒற்றைச் செருப்பு விற்ற கடை

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய முதலியார்சாவடி கடற்கரையில் என் வலது கால் செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. கடல் மேல் பழி போடுகிறேன், அவ்வளவுதான். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்பிள்ளை அலையோடு ஓடிப்பிடித்து விளையாடினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத செருப்பு. இடது காலில் செருப்பும் வலது காலில் மணலுமாக வீடு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்க?"

"கடலுக்குக் குடுத்துட்டேன்."

"ரெண்டையும் குடுத்திருந்தா அதுக்காவது உதவியிருக்கும்" என்றுவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அந்தச் செருப்புக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஆன்லைனில் வாங்கினால் இதெல்லாம் உண்டு. தேன் தடவிய குரலில் ஒரு பெண், எங்கள் காலணி எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் என்று கேட்டாள். "மார்க்கு கெடக்கட்டும்மா. வலது கால் மட்டும் ஒண்ணு கெடைக்குமா?" என்றேன். அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சாரி மேம், பேராத்தான் வரும். ஆனா நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியமான கஸ்டமர் மேம்" என்றாள். அவ்வளவு முக்கியம் என்றால் என் பெயரைச் சொல் பார்ப்போம் என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்து என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னாள். ஆர்டர் அவர் போனில் போட்டதாம்.

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அட்டைப்பெட்டியைத் திறந்து மிச்சமிருந்த இடது செருப்பை உள்ளே வைத்தேன். புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை வந்தால் போதும், நான் மரக்காணம் பஜாரில், சவரிமுத்துவின் செருப்புக் கடையில் போய் நின்றுவிடுவேன்.

அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. எங்கள் ஊர் உள்ளே, வயக்காட்டுப் பக்கம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். படிப்பில் இரண்டு பாடம் நிலுவையில் நின்றுவிட்டது. அது இன்றைக்கும் நிலுவையில்தான் இருக்கிறது. வீட்டில் சும்மா இருந்தால் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கிடைத்த வேலைக்கு ஓடினேன். "ஊரார் கால்ல செருப்பு மாட்டி விடுறதெல்லாம் ஒரு வேலையா" என்று அப்பா முகத்தைச் சுளித்தார். முதல் மாதச் சம்பளத்தில் அவருக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். அதைப் போட்டுக்கொண்டே ஒரு வாரம் முகத்தைச் சுளித்தார்.

சவரிமுத்து யார் முகத்தையும் பார்க்க மாட்டார். கடைக்குள் ஆள் நுழைந்தால் அவர் கண் நேரே காலுக்குத்தான் போகும். "வாங்க ஃபாதர்" என்பார். நிமிர்ந்து பார்த்தால் கோயில் சாமியார் நிற்பார். கட்டைவிரலைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். ஒருமுறை அவருடைய சொந்த மச்சினர் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தார். "இன்னா சார் வேணும்?" என்று கேட்டுவிட்டார் முதலாளி. ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டிய பிறகுதான் சொந்தபந்தமெல்லாம் ஞாபகம் வந்தது. கல்லாவுக்கு மேலே மாதா படம், அதற்குக் கீழே ஒரு பலகை: 'ஒரே விலை. பேரம் இல்லை.' பேரம் பேசினால் மனுஷனுக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். விலையோ திண்டிவனத்தைவிட ஒரு பிடி அதிகம்தான். ஈசிஆரில் காரில் வந்து இறங்குகிறவர்களும் பேங்க் ஆபீசர்களும் அந்த விலையைக் கொடுத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

ஆனால் அந்தக் கடையில் வேறு எங்கேயும் இல்லாத ஒரு வசதி இருந்தது. அங்கே ஒற்றைச் செருப்பு விற்பார்கள்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பக்கத்து ஆளைக் கேட்டால்தான் தெரியும். பாத்திக்குள் வெறுங்கால்தான். வரப்பு வரைக்கும் நடக்கத்தான் ரப்பர் செருப்பு. வழியில் வாய்க்கால் ஓரம் கழுவெளிச் சேறு, அதாவது உப்பங்கழிச் சேறு இருக்கிறதே, அது பொல்லாத சேறு. கால் இறங்கினால் கால் வரும், செருப்பு வராது. அதுவும் எப்போதும் ஒன்றைத்தான் எடுக்கும். மிச்சம் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குத்தான் சவரிமுத்து. தப்பிப் பிழைத்த செருப்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "சேறு எடுத்துக்கிச்சு" என்று சொல்ல வேண்டும். அவர் "அடப்பாவமே" என்பார். அப்புறம், "எந்தக் கால்?" என்பார். சொன்ன காலுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பார். விலை, ஜோடி விலையில் பாதிகூட இல்லை, மூன்றில் ஒரு பங்குதான்.

"பாதி விலையாச்சும் வாங்கலாமே முதலாளி" என்று கேட்டேன்.

"தொலைச்சவகிட்ட லாபம் பாக்கக் கூடாதும்மா" என்றார்.

"மிச்சம் நிக்கிற இன்னொண்ணை என்ன பண்றது?"

"நீ வலது தொலைச்சா, இடது தொலைச்சவ ஒருத்தி எங்கியாவது இருப்பா. வருவா."

மிச்சமானவற்றை ஒரு கோணிப்பையில் போட்டு வைத்திருப்பார். எனக்கு அந்தப் பையைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாஸாகாமல் போனவர்களுக்கு, வேலைக்குச் சேர்ந்த மறுநாளே ஊரைத் திருத்தும் ஆசை வரும் என்பதற்கு நானே அத்தாட்சி.

கடைக்கு உயிர்நாடி உப்பளத்துப் பெண்கள்தான். கூடை சுமக்கிற நாற்பது பேர் கொண்ட ஒரு கூட்டம். அதற்குத் தலைவி அஞ்சலை அக்கா. முப்பத்தைந்து வயசு இருக்கும், கட்டையான உடம்பு, சிரிக்காமலே ஊரைச் சிரிக்க வைக்கிற வாய். அவர் எந்தக் கடைப் படி ஏறுகிறாரோ அந்தப் படியில்தான் மற்ற முப்பத்தொன்பது பேரும் ஏறுவார்கள். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கூட்டமாக வந்து கடையைக் கலக்கிவிட்டுப் போவார்கள்.

நான் சேர்ந்த ஐந்தாறு மாதத்தில் ஒன்று கவனித்தேன். கோணிப்பை நிறையவே இல்லை. காலையில் ஒருத்தி ஆறாம் நம்பர் வலது வாங்கினால், சாயங்காலம் இன்னொருத்தி வந்து ஆறாம் நம்பர் இடது வாங்கிப் போய்விடுவாள். சேறு அப்படிக் கணக்கு வைத்தா சாப்பிடும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்த இரண்டு செருப்பும் கண்ணில் பட்டன. நாய் கடித்த ஒரு வலது, கொசுவத்திச் சூடுபட்ட ஒரு இடது. தப்பிப் பிழைத்த செருப்பு என்று சாட்சிக்கு வருவது, யார் கொண்டுவந்தாலும், இந்த இரண்டில் ஒன்றுதான். இடது வேண்டுமா, நாய் கடித்ததைக் காட்டு. வலது வேண்டுமா, சூடுபட்டதைக் காட்டு. இரண்டு பேர் ஆளுக்கொன்று வாங்கி வெளியே போய்ச் சேர்த்தால், பேரமே இல்லாத கடையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியில் புது ஜோடி.

சாட்சிச் செருப்பு எட்டாம் நம்பர். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் ஒரு குருவிக்கால் பெண் வந்து அஞ்சாம் நம்பர் கேட்டாள். "இது எட்டு ஆச்சேம்மா?" என்று முதலாளி கேட்டார். "உப்புத் தண்ணில கால் சுருங்கிடுச்சுங்க" என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல். முதலாளி ரொம்ப நேரம் அவள் காலைப் பார்த்தார். "ஆமா, உப்பு சுருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தார்.

இந்த மனுஷனை ஏமாற்றிக் கடையைச் சாப்பிடுகிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. அதில் என் சுயநலமும் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார். தனியாகப் பேச வேண்டும் என்று கூட்டிப்போய் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க கடையில ஸ்டாஃப் வீட்டுக்காரங்களுக்கு டிஸ்கவுண்ட் உண்டா?" என்பது. இரண்டாவது கேள்வி கேட்கவே இல்லை. முதல் கேள்விக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தார். எனக்கு வேண்டாம் என்று அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினேன். அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "வேலை இருக்குற வரைக்கும் கேக்க மாட்டேன். வேலை போச்சுன்னா அடுத்த முகூர்த்தம்." ஆகக் கடை நன்றாக ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் நான் ஆயுசுக்கும் அந்த மனுஷனுக்கு டிஸ்கவுண்ட் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

துப்பறியும் வேலையைத் தொடங்கினேன். அளவு பார்க்கிற சாக்கில் சாட்சிச் செருப்புகளை வாங்கி, குதிகாலுக்கு அடியில் கடுகளவு ரோஸ் நகப்பாலிஷ் வைத்துவிட்டேன். ஒரே மாதத்தில் அந்தப் பொட்டு எட்டு தடவை திரும்பி வந்தது. எனக்கு அப்போது இருந்த பெருமை, பரீட்சையில் பாஸாகியிருந்தால்கூட வந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைய ஆள். அஞ்சலை அக்காவே ஏழு பெண்களோடு வந்தார். நாய் கடித்த செருப்பை எடுத்து மேசையில் வைத்து, "சேறு எடுத்துக்கிச்சு" என்றார். முதலாளி "அடப்பாவமே" என்று வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் செருப்பைத் திருப்பி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டிக் கெட்டேன்.

"இந்தப் பொட்டு நான் வச்சதுக்கா. இந்த மாசத்துல இது எட்டு தடவ வந்துடுச்சு. இது ஒம்போதாவது. சேறு சேறுன்னு சொல்றீங்களே, அந்தச் சேறு இன்னா, ஒத்தச் செருப்பா பாத்துப் பாத்து சாப்புடுதா?"

காரில் வந்த ஒரு குடும்பம் களுக்கென்று சிரித்தது. அஞ்சலை அக்கா சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

"அப்போ நாங்க திருடிங்க. அப்படித்தானே?"

"இல்லக்கா" என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "நான் சொல்லலக்கா, செருப்பு சொல்லுது" என்றேன். அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் ஒரு அறை விடலாம் போல் இருக்கிறது.

அவர் தன் காலில் இருந்த செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். பின்னாலிருந்த ஏழு பேரும் அப்படியே செய்தார்கள். பதினாறு செருப்பு. நாய் கடித்ததை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலில், தார் ரோட்டில் வெறுங்காலோடு எட்டுப் பேரும் நடந்துபோனார்கள். முதலாளி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உன்னை நான் போலீஸ் வேலைக்கா வச்சேன்?"

"முதலாளி, அவங்க உங்கள ஏமாத்துறாங்க..."

"மூணு வருஷமா அந்த நாய் கடிச்ச செருப்பைப் பாக்குறேன். எந்த நாய் கடிச்சதுன்னுகூட எனக்குத் தெரியும். எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"நான் பேரம் பேச மாட்டேன். அவங்க கொறச்சுக் குடுன்னு கெஞ்ச மாட்டாங்க. இப்படி ஒரு வழி வச்சிருந்தோம். என்னை ஏமாத்தலாம்னுதானே இவ்ளோ தூரம் நடந்து வர்றாங்க? திண்டிவனத்துல எவன் இவ்ளோ சுளுவா ஏமாறுவான்? இந்தக் கடையிலருந்து இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வெறுங்காலோட போனதில்ல. போயிட்டாங்க பாரு."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது; வெட்கத்தில் வந்த அழுகை. ஒரு மாதம் பார்ப்பேன், அவர்கள் வரவில்லை என்றால் இரண்டு பேருக்குக் கடையில் வேலை இருக்காது, நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். என் காதில் திண்டிவனத்து மேளம் கேட்டது. பதினாறு செருப்பையும் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக அடுக்கி வைத்தார். அதை யாரும் தொடக் கூடாது என்றார்.

நாற்பது பேரும் ஈசிஆர் பக்கம் புதிதாகத் திறந்த பெரிய செருப்புக் கடைக்குப் போனார்கள். வாசலில் பலூன் தோரணம், உள்ளே ஏசி, வாங்கினால் சுரண்டிப் பார்க்க ஒரு கூப்பன். டை கட்டிய ஒரு ஒல்லி சேல்ஸ்மேன் ஆளுக்கொரு குளிர்பானம் கொடுத்து, குனிந்து கும்பிடு போட்டானாம். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அவனை நான் முறைத்துக்கொண்டே போவேன். அவன் என்னைப் பார்த்தும் ஒரு கும்பிடு போடுவான். கஸ்டமர் என்று நினைத்திருப்பான்.

இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, முதலாளி பூசைக்குப் போகிற நேரம், நான் உப்பளத்துக்குப் போனேன். உப்புக்கு ஞாயிறு லீவு கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்து அழகாக ஒரு மன்னிப்பு தயார் செய்திருந்தேன். வெள்ளை வெள்ளையாய் உப்பு அம்பாரங்களுக்கு நடுவில் கூடையோடு வந்த அஞ்சலை அக்காவைப் பார்த்ததும் முதல் வரியே மறந்துபோயிற்று.

"அக்கா, கடைக்கு வாங்கக்கா" என்றேன்.

"எதுக்கு? இன்னொரு பொட்டு வெக்கவா?" என்றவர், கூடையை இறக்கக்கூட நிற்காமல் போய்விட்டார்.

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வந்த வழியே திரும்ப எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. விறைப்பாக நடந்து வாய்க்கால் ஓரம் குறுக்கே இறங்கினேன். மூன்றாவது எட்டில் வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. இழுத்தேன். கால் வந்தது. குனிந்து தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். சேறும் நண்டுப் பொந்தும்தான் கிடைத்தது. நிமிர்ந்து பார்த்தால் வரப்பு முழுக்கப் பெண்கள், கூடைகளை இறக்கிவைத்துவிட்டு நிற்கிறார்கள்.

அஞ்சலை அக்கா முன்னால் வந்தார். "இன்னா ஆச்சு?"

எனக்குத் தெரியாதா அவர் என்ன கேட்கிறார் என்று. கண்ணீரும் சேறுமாக நின்று சொன்னேன். "சேறு எடுத்துக்கிச்சு."

"அடப்பாவமே" என்றார் அவர், அப்படியே சவரிமுத்துவின் குரலில். "எந்தக் கால்?"

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பு பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ஒருத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது? அஞ்சலை அக்கா சோற்றுப் பைக்குள் கையை விட்டு நாய் கடித்த அந்த வலது செருப்பை எடுத்து என் முன்னால் போட்டார்.

"போட்டுக்கினு போ. வெய்யில் ஏறுது. பத்திரமா வச்சுக்கோ, அது ஊர் சொத்து."

எட்டாம் நம்பரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் அதை நன்றாகக் கழுவி, பிளேடால் ரோஸ் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். கடை வாசலில், ஷட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆணியில் மாட்டினேன். முதலாளி வந்தார், பார்த்தார், உள்ளே போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். திங்கள்கிழமை அது ஆணியில் இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஆணி மட்டும் இருந்தது. எவளாவது தெருவோடு போனவள் எடுத்திருந்தால் என் கதி என்ன என்று சனிக்கிழமை வரைக்கும் சோறு இறங்கவில்லை. அப்பா வேறு வெள்ளிக்கிழமை காலண்டரில் முகூர்த்தம் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம். அஞ்சலை அக்கா வந்தார். பின்னால் கடை வாசல் கொள்ளாத கூட்டம். மேசைமேல் செருப்பைக் குப்புறப் போட்டார். குதிகாலுக்கு அடியில், நான் வைத்த கடுகளவுப் பொட்டு இருந்த அதே இடத்தில், நாலணா அளவுக்குச் சிவப்பு நகப்பாலிஷில் பளபளவென்று புதுப் பொட்டு. அவரே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் கண்ணையே பார்த்தார்.

"சேறு எடுத்துக்கிச்சு" என்றார்.

கடையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முதலாளி ரசீதுப் புத்தகத்தில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. அதை விழுங்கி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"அடப்பாவமே. எந்தக் காலுக்கா?"

"இடது. ஒம்போதாம் நம்பர் குடு."

"இது எட்டு ஆச்சேக்கா?"

"உப்புத் தண்ணில கால் பெருத்துப் போச்சு."

"ஆமாக்கா, உப்பு ஊத வெக்கும்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன்.

முதலாளி ரசீதுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு இருமினார். மேல்தட்டிலிருந்து பதினாறு செருப்பையும் இறக்கி வைத்தேன். எட்டுப் பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி போட்டுக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் ஒன்பதாம் நம்பர் வலது கேட்டு வேறொருத்தி வந்தாள் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

என் வேலை தப்பியது. திண்டிவனத்துக்காரர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஜவுளிக்கடையில் வேலையாம். என்னிடம் கேட்டதையே அவளிடமும் கேட்டிருப்பார், பாவம்.

பெரிய கடையை நாற்பது பேரும் விட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கூப்பனைச் சுரண்டினால் எல்லோருக்கும் சோப்பு டப்பாதான் விழுந்ததாம். அதைவிடப் பெரிய குறை, ஒருத்தி உண்மையிலேயே சேற்றில் தொலைத்துவிட்டு ஒற்றை கேட்டுப் போனபோது, டை கட்டியவன் "பேராத்தான் வரும்" என்றானாம். வியாபாரம் ஏன் இறங்கியது என்று அவனுடைய மேனேஜர் அவனைக் காய்ச்சி எடுக்க, ஒற்றைச் செருப்பு எப்படித்தான் விற்கிறார்கள் என்று வேவு பார்க்க ஒரு நாள் எங்கள் கடைக்கே வந்தான். டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். முதலாளி காலைப் பார்த்ததும், "ஏசி கடைக் காலு" என்று சொல்லிவிட்டார். வந்தவன் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு ஜோடி வாங்கினான். அடுத்த வாரமும் வாங்கினான். மூன்றாவது வாரம் வந்தபோது எனக்கே பாவமாகப் போய்விட்டது. அவர்தான் இப்போது சோபாவில் படுத்திருப்பவர். பிற்காலத்தில் அவரை 'வாடிக்கையாளர் மனநிறைவு' என்று மூன்று நாள் பயிற்சிக்கெல்லாம் அனுப்பினார்கள். என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பிஸ்கட் நன்றாக இருந்தது என்றார்.

சவரிமுத்து செத்துப்போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அடக்கத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். கோயில் வாசலில் செருப்பு மலையாகக் கிடந்தது. முக்கால்வாசி எங்கள் கடையில் வாங்கியது, எனக்குத் தெரியாதா. அஞ்சலை அக்கா ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துப்போயிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் மனசில் அடக்கி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க ஏமாத்துனதெல்லாம் முதலாளிக்கு மொதல்லருந்தே தெரியும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம்.

"ஏண்டி, அந்த மனுசன் ஆளுங்க கால வச்சே பேரு சொல்லுவாரு. எட்டாம் நம்பரையும் அஞ்சாம் நம்பரையும் தெரியாமலா இருக்கும்? அவருக்குத் தெரியும்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏங்கா..."

"நாங்க அவர ஏமாத்திட்டு குஷியா போறோம்னு அவரு நெனச்சிக்கினு இருந்தாரு. அதுல அவருக்கு ஒரு சந்தோசம். அத ஏன் கெடுப்பானேன்?"

"அப்போ இதுல யாருக்கா ஏமாந்தது?" என்றேன்.

"நீதான்" என்றார். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு கட்டு சார்ஜர் ஒயர் தொங்குகிறது. பலூன் தோரணக் கடையும் என்றைக்கோ மூடியாகிவிட்டது. நேற்று குயிலாப்பாளையம் பக்கம் போனபோது, வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிற ஒரு கடையில் ஒற்றை ஷூவைப் பார்த்துவிட்டு ஆசையாக உள்ளே போனேன். அதற்குள் மண் போட்டு ஒரு செடி வைத்திருந்தார்கள். விலை கேட்டேன், ஜோடியைவிட அதிகம். சவரிமுத்து இருந்திருந்தால் ரத்தக்கொதிப்பு வந்திருக்கும்.

என் இடது செருப்பு இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. இந்தக் கடற்கரை நெடுக எங்கேயோ ஒருத்தி இதே செருப்பில் இடதைத் தொலைத்துவிட்டு, வலதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள் என்று நான் இப்போதும் நம்புகிறேன். முன்னாலென்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கோணிப்பையில் வந்து சேர்ந்திருப்போம். இப்போது அவளிடம் "எந்தக் கால்?" என்று கேட்க ஆளில்லை. உங்களுக்கு அவளைத் தெரிந்தால் சொல்லுங்கள். ஏழாம் நம்பர், பழுப்பு நிறம்.